சாப்பிட்ட பிறகு இறுக்கிய பெல்ட்

தம்பிமார்களே, பெல்ட்டைப் பற்றி இந்தக் கிழவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நீங்கள் கொட்டாவி விடுவது எனக்குத் தெரிகிறது. தாராளமாக விடுங்கள். உங்கள் வயதில் நானும் விட்டவன்தான். காரில் இருக்கிற சாமான்களிலேயே எளியது அது. எஞ்சின் சுற்றுகிற சுற்றை வாங்கி, எஞ்சினைக் குளிர வைக்கிற காற்றாடிக்கும் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற டைனமோவுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். நீங்கள் ஆல்டர்னேட்டர் என்று வாய் நிறையச் சொல்கிறீர்களே, அது இருக்கிற இடத்தில் எங்கள் காலத்தில் டைனமோ இருந்தது. சாமானின் பெயர் நீண்டுவிட்டதால் நமக்கு அறிவும் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பாடத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். பெல்ட் ஓடுகிற சக்கரம்தான் புல்லி; இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். நிறையப் போனால் தளர்ச்சி, போகவே மாட்டேன் என்றால் இறுக்கம். டைனமோவைப் பிடித்திருக்கிற போல்ட்டை இளக்கி அதை வெளியே தள்ளினால் பெல்ட் இறுகும், உள்ளே விட்டால் தளரும். வீட்டு வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரும் செய்யக்கூடிய வேலை. அதனால்தான் எல்லாரும் செய்கிறார்கள். செய்துவிட்டு நம்மிடம் வருகிறார்கள். கீச்சிடுகிறது என்று பெல்ட்டுக்குத் துணி சோப்புத் தேய்த்த வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து மழையில் வண்டியை எடுத்தார். எஞ்சினுக்குள்ளிருந்து நுரை வருகிறது என்று பயந்துபோய் ஷெட்டுக்கு ஓடி வந்தார். படித்தவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது வக்கீலின் முட்டாள்தனத்தை அல்ல. என்னுடையதை. வண்டிக்காரர் தப்புச் செய்தால் அது அறியாமை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு நாம் சும்மா இருந்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை எனக்கு ஒரு அம்மா சூட்டினார்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. ராயபுரத்தில் ஒரு ஷெட்டில் வேலை, ஓர் அறையில் நான்கு பிரம்மச்சாரிகளாக வாசம். நான்கு பேரும் முறை வைத்துச் சமைப்போம். அந்தச் சமையலைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும்: யாரும் சாகவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த அத்தனைக்கும் என் வயிறு ஒரு முக்கியக் காரணம்.

சவரிமுத்து என்று ஒருவர். துறைமுகத்தில் டிண்டல். டிண்டல் என்றால் சரக்கு தூக்குகிற கயிறு, சங்கிலி, கொக்கி எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆட்களின் தலைவர். முப்பது வருடம் அந்த வேலை. ரெண்டு டன் இரும்பு தலைக்கு மேலே தொங்கும்போது, அதைப் பிடித்திருக்கிற கம்பிக்கயிற்றை ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். 'ணங்' என்றால் தூக்கு. 'தொப்' என்றால் இறக்கு. அவர் காலத்தில் அவர் ஆட்களில் ஒருவன்கூட அடிபட்டதில்லை. அந்தக் காதுக்குத் துறைமுகமே மரியாதை கொடுத்தது. கொடுத்த மரியாதையைக் காது அப்படியே நம்பிவிட்டதுதான் கோளாறு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ராயபுரத்தை விட்டு எண்ணூரில் போய் வீடு கட்டினார். காரணம் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். திடீரென்று மூச்சு இழுக்கும், படுக்க முடியாது, உதடு நீலம் பாய்ந்துவிடும். கடற்காற்று நல்லது என்று ஒரு டாக்டர் சொன்னார். மூச்சு இழுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அதே டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி ராயபுரம் பக்கம், வீடு எண்ணூரில், நடுவில் பத்து மைல். இரண்டு யோசனையையும் ஒரே டாக்டர் ஒரே நாளில் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டிண்டல் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஒரு பழைய சின்னக் கார் வாங்கிவிட்டார். ஊர் சுற்றுவதற்கு அல்ல. அந்த ஒரு நாளைக்காக. அந்த நாளில் வண்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மெக்கானிக் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போக யாருக்கும் மனமில்லை. எனக்கு மட்டும் அங்கே சாப்பாடு போடுவார்கள் என்ற தகவல் கிடைத்திருந்தது.

போட்டார்கள். அதிலும் ஒரு முறை இருந்தது. டிண்டலின் அப்பா மசூலா படகு தைக்கிறவர். பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்துச் செய்கிற படகு அது. படகு தைக்க வருகிறவனுக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் கையில் ஊசியைக் கொடுப்பார்களாம். பசித்த கை அவசரப்படும், தையல் இளகும், கடலில் ஆள் போவான் என்ற பயம். அந்த வழக்கத்தை டிண்டல் தன் காருக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, வந்துட்டியா? மொதல்ல குந்து. துன்னு. வண்டி எங்க ஓடிடப் போவுது?"

"பாத்துட்டு சாப்டறேனே டிண்டலையா."

"அதெல்லாம் நம்ம வூட்ல கெடையாது. வவுறு ரொம்பணும், அப்பால கை வைக்கணும்."

முதல் ஞாயிறு ஆப்பமும் முகத்துவாரத்து மடவை மீன் குழம்பும். நான்கு பிரம்மச்சாரிகளின் சமையலைத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தவன் நான். அந்தக் குழம்பைப் பற்றி இப்போது வர்ணிக்க ஆரம்பித்தால் சொல்ல வந்தது நின்றுவிடும். அந்த அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மூச்சை விட்டு விட்டு வாங்கிக்கொண்டே, "இன்னொண்ணு வச்சிக்கோ" என்று ஆப்பத்தை வைத்துக்கொண்டே இருந்தார். கை நனைத்து எழுந்தபோது நான் மெக்கானிக்காக இல்லை. விருந்தாளியாக ஆகியிருந்தேன். வித்தியாசம் என்னவென்று கேட்கிறீர்களா? மெக்கானிக் 'இது தப்பு' என்று சொல்லலாம். விருந்தாளி சொல்ல முடியாது.

வாசலில் பானெட்டைத் திறந்தார் டிண்டல்.

"காலைல ஸ்டார்ட் பண்ணா கீச்சுனு கத்துது மேஸ்திரி. பெல்ட்டு லூசா கீது."

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம். அச்சுப் பிசகாமல் அரை அங்குலம். எண்ணூர் உப்புக்காற்றில் விடிகாலை ஈரம் பெல்ட்டில் படிந்திருக்கும், ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் கத்தும், சூடு ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டிண்டல் இரண்டு விரலால் பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்து விட்டார். 'தொப்' என்றது.

"கேட்டியா? செத்த சத்தம். கயிறு லூசா இருந்தா ஆளக் காவு வாங்கிடும். முப்பது வருசம் பாத்துகினு வந்தவன் நானு."

சொல்லிவிட்டு ஒரு கடப்பாறையை டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். கடப்பாறைதான் தம்பி, ஸ்பானர் இல்லை. போல்ட்டை முறுக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். முப்பது வருடம் கயிறு பிடித்தவரிடம், அவர் வீட்டு ஆப்பம் வயிற்றில் இன்னும் சூடாக இருக்கும்போது, நான் என்ன சொல்ல? முறுக்கினேன். அதிகமில்லை, ஒரு நூல் இறுக்கம். ஒரு நூலில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் மிகவும் அறிவாளித்தனமாகத் தோன்றும் வாக்கியம் இது. எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்த ஞாயிறு இறால். மறுபடி கீச், மறுபடி ஒரு நூல். அதற்கடுத்த ஞாயிறு நண்டு. மறுபடி ஒரு நூல். நான் ஒவ்வொரு வாரமும் ரயிலில் போகும்போது 'இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்' என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன். 'ஐயா, பெல்ட் இறுகினால் டைனமோவின் தண்டைத் தாங்குகிற பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், ஒருநாள் சிக்கிக்கொள்ளும்.' அழகான வாக்கியம். எண்ணூர் ஸ்டேஷன் வரை கூடவே வரும். வாசற்படியில் மீன் வாசனை பட்டதும் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

ஐந்தாவது ஞாயிறு எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. டிண்டல் கை கழுவப் போன நேரத்தில் ஓசைப்படாமல் போல்ட்டை இளக்கி டைனமோவை உள்ளே விட்டு, மறுபடி முறுக்கிவிட்டேன். சரியான அரை அங்குலம். சொல்லவும் வேண்டாம், மனம் நோகவும் வேண்டாம், வண்டியும் பிழைக்கும். என்னை நானே மெச்சிக்கொண்டேன். டிண்டல் வந்தார், துண்டில் கையைத் துடைத்தார், பெல்ட்டைச் சுண்டினார். 'தொப்.'

அவர் முகம் மாறிவிட்டது. கோபமில்லை. பயம்.

"மேஸ்திரி, பாத்தியா? போன வாரம் நாமதான இறுக்கனோம்? தானா தளந்துகினு வருது. அவளுக்கு மூச்சு இழுக்கற அன்னிக்கு தளந்துச்சுனா இன்னா பண்றது?"

தளர்த்தியது நான்தான் என்று சொல்ல அது கடைசி சந்தர்ப்பம். நான் பெல்ட்டைப் பார்த்து, ஆச்சரியப்பட்டவன் மாதிரித் தலையை ஆட்டினேன். அவர் கடப்பாறையைக் கொடுத்து, தானாகத் தளர்வதற்கும் சேர்த்து, ஒரு பிடி கூடுதலாகவே நெம்பினார். சுண்டினார். 'ணங்.' அவருக்கு நிம்மதி. நான்கு வாரத்தில் ஆகாத கேட்டை என் புத்திசாலித்தனம் நான்கு நிமிடத்தில் செய்து முடித்தது.

ஏழாவது வாரம் டைனமோ முனக ஆரம்பித்தது. பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதன் முனையில் எண்ணெய் விட ஒரு ஓட்டை இருக்கும். அதில் நான்கு சொட்டு விட்டேன். முனகல் நின்றது. "கைராசிக்காரன்யா நீ" என்றார் டிண்டல். நான் அதை மறுக்கவில்லை. அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப்போகிற முகம். நான் அவசரமாகப் பானெட்டை மூடினேன்.

எட்டாவது ஞாயிறு, நான் போய்ச் சேர்ந்தபோது சோறு இல்லை. டிண்டல் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நீ ஓட்டு. அவளுக்கு இழுக்குது."

பின் சீட்டில் அந்த அம்மாவை உட்கார வைத்து, டிண்டல் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மூச்சு வாங்குகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெயில் காலத்து முற்பகல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் மணல் ஏறிய ரோடு. நான் விரட்டினேன். இரண்டு மைல்கூட ஆகியிருக்காது, டைனமோ முனகவில்லை, அலறியது. கருகல் நாற்றம் வந்தது. பட்டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்து பானெட்டுக்குள் ஓர் அடி அடித்துவிட்டுக் கீழே விழுந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, காற்றாடி நின்றுவிட்டது. அரை மைல் தள்ளி ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறியது. எர்ணாவூருக்கு முன்னால், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. பஸ் நாங்கள் கிளம்பும்போதே போயிருந்தது, அடுத்தது எப்போது என்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது. ரயில் சாயங்காலம்தான். அந்த அம்மாவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

டிண்டல் இறங்கினார். ஆபத்து என்றால் அவருக்குப் பழக்கம். டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு தகர டின் நிறைய நல்ல தண்ணீர், ஒரு சுருள் கயிறு, காகிதத்தில் சுற்றிய புது பெல்ட். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த மனிதர்.

"இந்தா மேஸ்திரி, புது பெல்ட்டு. மாட்டு. நான் நெம்பறேன்."

டைனமோ புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பேரிங் உடைந்து இரும்போடு இரும்பாகச் சிக்கிக்கொண்டிருந்தது. புது பெல்ட்டை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் அதுவும் கருகும். டைனமோவை விட்டுவிட்டு எஞ்சினுக்கும் காற்றாடிக்கும் மட்டும் மாட்டலாம் என்றால் அந்த பெல்ட் நீளம் அதிகம், தொங்கும். பெல்ட்டே இல்லாமல் ஓட்டினால் மைலுக்கு ஒருமுறை கொதிக்கும், ஒவ்வொரு தடவையும் ஆற அரை மணி. இன்னும் ஏழு மைலுக்கு மேல் இருந்தது.

தம்பிகளே, நெருக்கடியில் மூளை வேகமாக வேலை செய்யும் என்று யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். என் மூளை அந்த நிமிடத்தில் செய்த ஒரே வேலை, இதற்கும் ஒரு நாசூக்கான பொய் கிடைக்குமா என்று தேடியதுதான். 'புது பெல்ட் அளவு சரியில்லை ஐயா.' 'டைனமோ பழசு ஐயா, அதன் ஆயுசு முடிந்தது.' நல்ல நல்ல பொய்களாக வந்தன. பின் சீட்டிலிருந்து அந்த இழுப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போது என் மேலேயே அருவருப்பு வந்தது.

"மாட்டக் கூடாது டிண்டலையா. டைனமோ ஜாமாயிட்ச்சு. நாம ரொம்ப இறுக்கிட்டோம். எட்டு வாரமா தப்பா இறுக்கனோம். எனக்குத் தெரியும், நான் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். எண்ணூர்க் காற்று மட்டும் அடித்தது.

"அத்த அப்பால பேசலாம்," என்றார். "இப்போ இன்னா வேணும், அத்த சொல்லு."

"டைனமோ வேணாம். பகல்ல பேட்டரியே போதும், ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துடும். காத்தாடி மட்டும் சுத்தணும். கீழ் புல்லிக்கும் காத்தாடி புல்லிக்கும் நடுவுல ஒரு வளையம் வேணும். கயிறுல முடியுமா? முடிச்சு இருக்கக் கூடாது, முடிச்சு இருந்தா புல்லில இடிச்சிகினு எகிறிடும்."

அவர் கயிற்றுச் சுருளை எடுத்துத் தரையில் குந்தினார். கயிற்றிலிருந்து ஒரு பிரியை மட்டும் உருவினார். அந்த ஒற்றைப் பிரியை வளையமாக வளைத்து, அதன் மேலேயே மறுபடி மறுபடி சுற்றி முறுக்கிக்கொண்டு போனார். அப்படிச் செய்தால் மூன்று பிரிக் கயிறு, தொடக்கமும் முடிவும் தெரியாத வளையமாகிவிடும். அந்த விரல்கள் போன வேகத்தை நான் என்ன சொல்ல. எட்டு வாரம் நான் பார்த்து நொந்துகொண்டிருந்த அதே விரல்கள்.

நான் அதற்குள் அறுந்த பெல்ட்டை எடுத்தெறிந்து, ரேடியேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். பானெட்டைக் கழற்றி வண்டியின் மேல் கட்டினேன், கடற்காற்றாவது எஞ்சினில் படட்டும் என்று. டிண்டல் வளையத்தை இரண்டு புல்லிக்கும் வைத்து அளவு பார்த்தார். பழக்கம் போகுமா? இழுத்துப் பிடித்தார். சுண்டினார். 'ணங்.'

"கரீட்டா கீது," என்றார். முனையை உள்ளே செருகப் போனார்.

செருகிவிட்டால் பிரித்துத் திரும்பவும் முறுக்க நேரமில்லை. அந்த இறுக்கத்தில் ஓடினால் காற்றாடியின் தண்டும் டைனமோ போன வழியே போகும். அதற்குப் பிறகு எங்களிடம் ஒன்றுமே இருக்காது.

"இல்ல. டைட்டா கீது. எறக்குங்க."

"கயிறு சமாச்சாரத்துல எனக்கே சொல்றியா நீ?"

"ஆமா, சொல்றேன். கட்டவிரல் வச்சா அமுங்கணும். ஹார்பர்ல கயிறு கனத்தத் தூக்கணும், அதனால விறைப்பா கீது. இது எதையும் தூக்கல, சுத்தத்தான் போவுது. ஆரியா டிண்டலையா, ஆரியா."

துறைமுகத்தில் கொக்கியை இறக்கவும் கயிற்றைத் தளர விடவும் கொடுக்கிற குரல் அது. முப்பது வருடம் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த குரல். அவர் பிடியை விடவில்லை. காருக்குள்ளிருந்து, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக, அந்த அம்மாவின் குரல் வந்தது.

"அவன்... சொல்றத... கேளுங்க."

டிண்டல் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கைத் தளர்த்தினார். "எவ்ளோ?" என்றார். எட்டு வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார். "இன்னும் கொஞ்சம்." விட்டார். "இன்னும்." விட்டார். நான் கட்டைவிரலால் அழுத்தினேன். "போதும்."

முனைகளைச் செருகினார். வளையத்தைக் கீழ்ப் புல்லியில் மாட்டி, காற்றாடிப் புல்லியின் விளிம்பில் பாதி ஏற்றி, வண்டியின் முன்னால் செருகிச் சுற்றுகிற கைப்பிடியால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினேன். வளையம் தானே ஏறி உட்கார்ந்தது. எஞ்சின் எடுத்தது. காற்றாடி சுழன்றது.

மீதிப் பயணத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். திருவொற்றியூர் தாண்டியதும் ரோடு முழுக்க மாட்டு வண்டியும் சைக்கிளும். டிண்டல் ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் தலையை நீட்டி, கப்பலின் அடித்தளத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டையைத் திறந்தார். தண்டையார்பேட்டை வரை எங்களுக்கு முன்னால் ஒரு மாடுகூட நிற்கவில்லை. பானெட் இல்லாத கார், உள்ளே கயிறு சுற்றுகிறது, ஜன்னலில் ஒரு கிழவர் கத்துகிறார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கயிறு பிசிறு விட்டு விட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பாதி தேய்ந்துபோய் நின்றது. அறுபடவில்லை.

ஊசி போட்டார்கள். சாயங்காலம் அந்த அம்மாவுக்கு நீர் பிரிந்து மூச்சு இழுப்பு தணிந்தது. என்னைக் கூப்பிடுகிறார் என்றார்கள். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, அதை எப்படி அடக்கமாக ஏற்றுக்கொள்வது என்று யோசித்தபடி போனேன்.

"மொத ஞாயித்துக்கெழமையே ஒனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்மா."

"ஒம் மூஞ்சிலயே தெரிஞ்சிது. அவரு நெம்பறப்பல்லாம் பல்லு வலிச்சவன் மாறி நிப்ப. ஏம்ப்பா சொல்லல?"

ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"சாப்ட்டுட்டேம்மா. அதான்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "ஆப்பத்துக்கு என்னை வித்துட்டியே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது சொல்லும்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது, அதை விடுங்கள்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்கள். வண்டிக்கு டைனமோ மாற்றியிருந்தேன். போனால், 'மொதல்ல துன்னு' என்று யாரும் சொல்லவில்லை. வாசற்படியில் அந்த அம்மாவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிண்டல் காருக்குப் பக்கத்தில், கடப்பாறை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல வண்டியப் பாரு. இன்னா கோளாறு கீதுன்னு வாயத் தொறந்து சொல்லு. அப்பால சோறு."

"எங்கப்பன் காலத்து வழக்கம்..." என்று டிண்டல் ஆரம்பித்தார்.

"ஒங்கப்பன் படகு தச்சாரு. இவன் பொய்யத் தச்சான். சும்மா இருங்க."

பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். கால் அங்குலம்தான் போனது. எனக்குத் தெரியாமல் யாரோ வாரத்தின் நடுவில் கை வைத்திருக்கிறார்கள். "டைட்டா கீதும்மா," என்றேன். டிண்டல் எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, போல்ட்டை அவரே இளக்கினார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். மடவை மீன் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்தேன். ஒரு கல் உப்பு இல்லை. பச்சைத் தண்ணீரில் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் டிண்டல் குனிந்த தலை நிமிராமல், தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த அதே பார்வை.

"உப்பே இல்லம்மா," என்றேன்.

"டாக்டரு எனக்கு உப்ப நிறுத்திட்டாரு. தனித்தனியா ஆக்க எனக்கு முடியல." டிண்டலைக் காட்டினார். "இவரு ரெண்டு வாரமா 'அருமையா கீது, அருமையா கீது'ன்னு துன்னுகினு கீறாரு. என் மனசு நோவுமாம். ஒரு ஆளாச்சும் உண்மைய சொல்றானான்னு பாத்துகினு கீறேன்."

டிண்டல் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அம்மா கையைப் பின்னால் நீட்டி உப்பு ஜாடியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். இரண்டு வாரமாக அது அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார்.